நாலாம் நம்பர் கேபினின் மேசை

நெரெய்தா கல்லூரிக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்த அன்றே, அவள் அங்கே ஏற்கெனவே தோற்றுப்போனவள் என்று சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர் கெட்டவர் இல்லை. மிஸ் வில்லாரியல் என்று பெயர். புதிதாகச் சேர வருகிற பிள்ளைகளுக்கு வழி சொல்வது அவர் வேலை. மேசைமேல் ஒரு கிண்ணம் நிறைய உப்பும் மிளகாயும் தூவிய புளிமிட்டாய் வைத்திருந்தார். வருகிற பிள்ளைகள் பாதிப்பேர் பயந்துபோய் வருகிறவர்கள். வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டால் பேச்சு வரும் என்பது அவர் கணக்கு. நெரெய்தாவும் ஒன்றை எடுத்தாள். பள்ளியில் இது கடைசி வருஷம் என்றும், முடித்ததும் நர்ஸ் படிப்பில் சேர வேண்டும் என்றும் சொன்னாள். மிஸ் வில்லாரியல் அவள் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். தட்டியவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் பேரு ஏற்கெனவே இங்க இருக்கும்மா. போன வருஷம் ஒரு பாடம் எடுத்திருக்கே, உடற்கூறியல்."

"ஆமா மிஸ். எங்க ஸ்கூல்லயே எடுத்தேன், சமோரா சார்கிட்ட. எண்பத்தெட்டு வாங்கினேன்."

அந்த எண்பத்தெட்டைச் சொல்லும்போது அவள் குரல் தானாகவே ஒரு படி ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? அந்த வகுப்பில் பாதிப்பேர் எழுபதைத் தொடவே தண்ணி குடித்தார்கள்.

"இங்க எஃப்னு இருக்கும்மா, ஃபெயில்னு" என்றார் மிஸ் வில்லாரியல்.

வேறு யாரையோ பார்க்கிறார் போலிருக்கிறது என்று நெரெய்தா நினைத்தாள். அவர்கள் ஊர் இருக்கும் பள்ளத்தாக்கில் அவளைப் போலக் கார்ஸா என்று குடும்பப் பெயர் உள்ளவர்களை எண்ணி முடியாது. பிறந்த தேதியைச் சொன்னாள், வீட்டு முகவரியைச் சொன்னாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அந்த எஃப் உட்பட. நர்ஸ் படிப்பில் சேர அந்தப் பாடம் தேறியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய இடி பின்னால் வந்தது. எடுத்த பாடங்களில் பாதிக்கு மேல் கோட்டை விட்டவர்களுக்கு அரசாங்கத்தின் படிப்பு உதவி கிடையாது. நெரெய்தா எடுத்தது ஒரே பாடம், அந்த ஒன்றும் போயிற்று. ஆக, கல்லூரியின் கண்ணில் அவள் எடுத்ததையெல்லாம் கோட்டை விட்டவள். புளிமிட்டாய் வாயில் முழுசாகக் கரைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாட்டின் தெற்கு எல்லையோரம் இருக்கும் அந்த ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில், பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படிப்பது என்றால் சும்மா இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் இதற்காகவே பெரிய பெரிய பலகைகள் உண்டு. பட்டமளிப்புத் தொப்பி போட்டுக்கொண்டு பிள்ளைகள் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்கள். காசு கட்ட வேண்டாம், பஸ் ஏற வேண்டாம், பள்ளியை முடிக்கும்போது கல்லூரியில் கொஞ்ச தூரம் ஓடி முடித்திருப்பாய் என்று பள்ளியில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். எந்தப் பெற்றோர் வேண்டாம் என்பார்கள்? நெரெய்தாவின் அம்மா ஒராலியா அந்தக் கூட்டத்திலிருந்து வந்த கையோடு தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினாள்.

உண்மையில் எதுவும் மாறவில்லை. அதே வகுப்பறை, அதே மணி, அதே பாதி வேலைசெய்யும் ஏசி, அதே சமோரா சார். முந்தின வகுப்புவரை அவர் பள்ளிக்கூட வாத்தியார். அடுத்த மணி அடித்தால் கல்லூரிப் பேராசிரியர். இடையில் அவர் செய்கிற ஒரே காரியம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வதுதான். "இப்ப நான் பேராசிரியராக்கும், கொஞ்சம் மரியாதையா உக்காருங்க" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த ஓர் அறைக்குள் இரண்டு பள்ளிக்கூடங்கள் உட்கார்ந்திருந்தன. கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

பாடம் செய்து வைத்த பூனையை அறுத்து ஒவ்வொரு தசைக்கும் பெயர் சொல்ல வேண்டும். நெரெய்தாவுக்கு அது கைவந்தது. மருந்து நாற்றம் தலைமுடியில் ஏறி வீடுவரை வரும். கை கழுவாமல் சமையலறைப் பக்கம் வந்தால் அம்மா கரண்டியால் அடிப்பாள். அவள் நர்ஸாக வேண்டும் என்று ஆசைப்பட்டது உலகத்துக்குச் சேவை செய்வதற்காக ஒன்றும் இல்லை. நிமிர்ந்து நின்று செய்கிற வேலை வேண்டும், அவ்வளவுதான். ஏழு வயதிலிருந்து குனிந்து வேலை செய்கிற ஆட்களைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அது சின்ன ஆசையும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் அவர்கள் தெருவில் பாதி வீடுகளின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிடுவார்கள். வடக்குக் கோடியில், மிச்சிகனில் அஸ்பராகஸ் தலைகாட்டும் நேரம் அது. மண்ணிலிருந்து விரல் போலக் கிளம்பும் அந்தக் காய்கறித் தண்டு, வெயில் அடித்தால் ஒரே பகலில் சாண் உயரம் வளர்ந்துவிடும். அன்றன்றைக்கு ஒடித்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் முற்றிப்போகும். அது பள்ளிக்கூடத்துக்காகக் காத்திருக்குமா? குடும்பம் குடும்பமாக வண்டி ஏறி வடக்கே போய்விடுவார்கள். தரையோடு ஊர்ந்துபோகும் தாழ்ந்த வண்டியில் கால்களை விரித்து உட்கார்ந்து, காலையிலிருந்து குனிந்து ஒடித்துக்கொண்டே போக வேண்டும். பிறகு செர்ரி, பிறகு ஆப்பிள். இலை உதிரும்போதுதான் திரும்பி வந்து பலகைகளைப் பிடுங்குவார்கள்.

இதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குத் தெரியாத சங்கதி இல்லை. வடக்கே போகிற பிள்ளைகளுக்கென்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். மீதிப் பாடங்களைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே இதற்கென்றே ஓர் ஆசிரியை வந்து பாடம் சொல்லிக் கொடுத்து, பரீட்சை வைத்து, விடைத்தாளை அனுப்பிவைப்பாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து நெரெய்தா இப்படித்தான் ஒவ்வொரு வருஷத்தையும் முடித்தாள். ஒருமுறைகூட ஒன்றும் பிசகியதில்லை. அதனால் போன ஏப்ரலில் அவள் சமோரா சாரிடம் போய், நாங்கள் கிளம்புகிறோம் என்று சொன்னபோது அவருக்கும் அது புது விஷயமாகப் படவில்லை.

"போயிட்டு வா. மீதிய அங்கேருந்து எழுதி அனுப்பு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த வருஷம் அவள் அப்பா அனிசேத்தோவுக்குக் காலில் வெந்நீர் கொட்டிய அவசரம். காரணம் நாலாம் நம்பர் கேபின். தோட்ட முதலாளி வேலையாட்களுக்குக் கட்டிவைத்திருந்த கேபின்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும்: இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, நகர இடமில்லாத தரை. நாலாம் நம்பரில் மட்டும் ஜன்னலையொட்டிச் சுவரோடு சேர்த்து அடித்த ஒரு மேசை உண்டு, அதற்கு மேலே தனியாக ஒரு பல்பும். யார் முதலில் வந்து இறங்குகிறார்களோ அவர்களுக்கு விருப்பப்பட்ட கேபின். அந்த வேலையாட்கள் முகாமில் இது எழுதாத சட்டம். இத்தனை வருஷமும் நெரெய்தா கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு பாடம் எழுதினாள். "இந்த வருஷம் இவ காலேஜ் பாடம் படிக்கிறா. மேசையில உக்காந்துதான் எழுதணும்" என்று அனிசேத்தோ சொல்லிவிட்டார். தெருவில் மற்றவர்கள் பலகையைத் தேடிக்கொண்டிருந்தபோதே இவர் ஆணி அடித்து முடித்துவிட்டார். வழியில் வண்டியை நிறுத்திச் சாப்பிடவும் விடவில்லை. உருளைக்கிழங்கும் முட்டையும் வைத்துச் சுருட்டிய தோர்த்தியா ரொட்டியை அம்மா பின்னாலிருந்து நீட்ட, ஒரு கையால் தின்றுகொண்டே ஓட்டினார்.

நாலாம் நம்பர் கிடைத்தது. நெரெய்தா அந்த மேசையில் உட்கார்ந்து படித்தாள். மே மாதம் முடிகிற நேரத்தில் அங்கிருந்த தேவாலயத்தின் அடித்தளத்தில், அந்த ஆசிரியை எதிரே உட்கார்ந்திருக்க, பரீட்சை எழுதினாள். பள்ளிக்கூடம் எண்பத்தெட்டு போட்டது. அம்மா முகாம் முழுக்கச் சொன்னாள். தோன்யா கூக்கா என்கிற பக்கத்து கேபின்காரி, வருஷா வருஷம் ஒரே தோட்டத்துக்கு வருகிறவள், அன்றிலிருந்து நெரெய்தாவை "நர்ஸம்மா" என்றுதான் கூப்பிட்டாள்.

கல்லூரி மட்டும் காத்திருக்கவில்லை. அதன் பருவம் மே மாதத்தின் நடுவிலேயே முடிந்து, கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. சமோரா சார், விடைத்தாள் வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று அவள் பெயருக்கு நேரே மதிப்பெண் போடாமல் வெறுமனே விட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் வெறுமனே விட்டால் வெறுமனே இருக்கும். கல்லூரியில் வெறுமனே விட்டால் தானாக எஃப் ஆகிவிடும். ஒரே வகுப்பு, ஒரே விடைத்தாள். ஒரு பக்கம் எண்பத்தெட்டு, ஒரு பக்கம் எஃப். கல்லூரி இதைத் தெரிவிக்காமலும் இல்லை. அவளுக்கென்று ஓர் இமெயில் முகவரி கொடுத்து, அதற்கே எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு முகவரி இருப்பதே அவளுக்குத் தெரியாது.

மிஸ் வில்லாரியலிடமிருந்து வந்த அன்று அவள் வீட்டில் சொன்னபோது, அனிசேத்தோ பதறவில்லை. அவருக்கு அது சீக்கிரம் சரியாகிவிடுகிற கோளாறாகப் பட்டது.

"வாத்தியார் ஒருத்தர்தானே? ஸ்கூல்லயும் அவர்தான், அங்கேயும் அவர்தான். அவர்கிட்ட சொன்னா மாத்திட்டுப் போறார்" என்றார்.

அவர் சொன்னதில் என்ன தப்பு இருக்கிறது? நெரெய்தாவும் அப்படித்தான் நம்பினாள். மறுநாள் முதல் மணி அடிக்கும் முன்பே சமோரா சாரின் அறைக்குப் போனாள். விஷயத்தைக் கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறியது. விடைத்தாள் வந்ததும் கல்லூரிக்கு ஒரு வரி எழுதிப் போட்டதாகவும், பதில் வரவில்லை என்றும், நூற்றுச் சொச்சம் பிள்ளைகளின் மதிப்பெண் போடுகிற அமளியில் அப்புறம் அதை மறந்தே போனதாகவும் சொன்னார். சாக்குச் சொல்லவில்லை. "தப்பு என்னுது. நானே வந்து சொல்றேன்" என்றார். அன்று அவள் வகுப்புக்குப் போகும்போது தரையில் கால் பாவவில்லை. வாத்தியாரே ஒப்புக்கொண்ட பிறகு வேறென்ன வேண்டும்?

கல்லூரியில் அவள் முறையீட்டைக் கேட்க மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மிஸ் வில்லாரியல் துணைக்கு வந்து ஓரமாக இருந்தார். கிளம்பும்போது அந்தப் புளிமிட்டாய்க் கிண்ணத்தையும் கையோடு எடுத்து வந்திருந்தார், பாவம். அனிசேத்தோ கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடுகிற வெள்ளைத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். பூட்ஸைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

சமோரா சார் சொன்னதைச் செய்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பெண்ணிடம் நான்தான் போகச் சொன்னேன், பார்த்துக்கொள்கிறேன் என்றேன், பார்த்துக்கொள்ளவில்லை என்றார். சொல்லும்போது சட்டைக் கையை மடிப்பதும் இறக்குவதுமாக இருந்தார். மூன்று பேரும் மரியாதையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு அவர்களில் மூத்தவர், முறையீட்டை அடுத்த பருவம் முடிவதற்குள் கொண்டுவந்திருக்க வேண்டும், இப்போது காலம் கடந்துவிட்டது, யார் தப்பு என்பது இனி கேள்வியே இல்லை என்றார். வடக்கே கிளம்பும் முன்பு பாடத்திலிருந்து விலகுகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட இந்த எஃப் வந்திருக்காது என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். விலகலாம் என்று அவளிடம் யார் சொன்னார்கள் என்று சமோரா சார் கேட்டார். அது சேர்ந்த அன்றே கொடுத்த விதிகளில் இருக்கிறது என்று பதில் வந்தது.

அப்போதுதான் அனிசேத்தோ வாயைத் திறந்தார்.

"காலேஜ் பரீட்சை என்னிக்கு நடந்துது?"

மிஸ் வில்லாரியல் தேதியைப் பார்த்துச் சொன்னார். அனிசேத்தோ விரல்களை மடக்கி மனசுக்குள் எண்ணினார். எண்ணுவது எல்லாருக்கும் தெரிந்தது. அவரைத் தடுக்க வேண்டும் என்று நெரெய்தாவுக்குத் தோன்றியது. எப்படி என்று தெரியவில்லை.

"அப்ப நான் ஒரு பத்து நாள் பொறுத்துக் கிளம்பியிருந்தா, இவ இங்கேயே எழுதியிருப்பா."

மிஸ் வில்லாரியல் மிட்டாய்க் கிண்ணத்தை மெல்ல அவர் பக்கம் தள்ளினார். அனிசேத்தோ மரியாதைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார். வெளியே வரும்வரை அது அவர் உள்ளங்கையிலேயே இருந்தது.

வாசலில் மிஸ் வில்லாரியல் நெரெய்தாவைத் தனியாக அழைத்துப் பேசினார். சொந்தக் காசு கட்டி அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதலாம், தேறினால் உதவிப்பணத்துக்கு மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஆனால் நர்ஸ் படிப்புக்கு இடம் குறைவு, வருகிற கூட்டம் அதிகம், வரிசைப்படுத்தும்போது பழைய எஃப்பும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். "உனக்கு நம்பிக்கை குடுத்து அனுப்ப எனக்கும் ஆசைதான்மா. ஆனா பொய் சொல்லக் கூடாது. கஷ்டம்" என்றார். நெரெய்தா நன்றி சொன்னாள்.

வண்டியில் ஆரஞ்சுத் தோப்புகளைத் தாண்டும்போது அனிசேத்தோ சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மேசைக்காகத்தான் கிளம்பினேன்."

"தெரியும்ப்பா."

உங்கள் தப்பு இல்லை என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அது நிஜமும்கூட. ஆனால் மனசின் ஒரு மூலையில் அவர்மேல் ஆத்திரமாகத்தான் இருந்தது. யார் கேட்டார்கள் அந்த மேசையை? கட்டிலில் குப்புறப் படுத்தே பத்து வருஷம் தேறியவள்தானே அவள்? இப்படி நினைத்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அந்த வெறுப்பும் ஆத்திரத்தைக் குறைக்கவில்லை. வீடு வந்து சேர்ந்தது.

ஏப்ரல் கடைசி வந்தும் அனிசேத்தோ வடக்கே கிளம்பவில்லை. தெருவில் வரிசையாக ஜன்னல்கள் மூடிக்கொண்டன. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, என்னப்பா, அஸ்பராகஸ் உனக்காகத் தனியாக முளைக்குமா என்று கேலி செய்துவிட்டுப் போனார். பெண்ணின் பட்டமளிப்பு முடியட்டும் என்று இவர் சொன்னார். போன வருஷம் பொறுக்காத பத்து நாளுக்கு இந்த வருஷம் ஒரு மாதமாகப் பொறுத்தார். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. அம்மா ஒராலியா ஒருநாள் அதைச் சொல்லியும் பார்த்தாள். அவர் எழுந்துபோய் வண்டியின் டயருக்குக் காற்று பார்த்தார்.

பட்டமளிப்பு விளையாட்டு மைதானத்தில் நடந்தது. கல்லூரிப் பாடம் எடுத்துத் தேறிய பிள்ளைகளுக்குக் கழுத்தில் மரியாதைக்கு ஒரு நீலக் கயிறு போட்டார்கள். கயிறு கொடுத்தது பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தின் கணக்கில் நெரெய்தா எண்பத்தெட்டு. ஆகவே அவளுக்கும் கயிறு வந்தது. பள்ளி முதல்வர் ஒலிபெருக்கியில், இவர்கள் கல்லூரிக்குள் ஏற்கெனவே ஒரு காலை வைத்துவிட்டவர்கள், எழுந்து நில்லுங்கள் பிள்ளைகளே என்றார். பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்ததும் நெரெய்தாவும் எழுந்து நின்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டத்தில் அந்த வெள்ளைத் தொப்பியை அவள் தேடிக் கண்டுபிடித்தாள். அவரும் தட்டிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

கூட்டம் கலையும்போது சமோரா சார் வந்தார். அடுத்த வருஷம் முதல் அவருக்குக் கல்லூரி வகுப்பு கிடையாது என்று பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உண்மையைச் சொல்லி இவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அவருக்கும் இருந்தது போயிற்று. தன்னுடைய உடற்கூறியல் புத்தகத்தை அவளிடம் நீட்டினார். ஓரமெல்லாம் அவர் கையெழுத்து.

"எனக்கு இனி இது வேலைக்காகாது. நீ வெச்சுக்கோ."

"எனக்கு எதுக்கு சார்?"

அவர் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நெரெய்தா அதைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

மறுநாளே ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டுக் கிளம்பினார்கள். இந்த முறை அனிசேத்தோ அவசரப்படவில்லை. சாப்பாட்டுக்கு நிறுத்தினார், தூக்கத்துக்கு நிறுத்தினார். இனி என்ன அவசரம்? நல்ல கேபின்கள் எல்லாம் போய், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் கதவு சரியாகச் சாத்தாத எட்டாம் நம்பர்தான் மிச்சமிருக்கும் என்று அம்மா வழியெல்லாம் புலம்பினாள். நெரெய்தாவுக்கு எட்டாம் நம்பரே போதும் என்றிருந்தது. அந்த மேசையை இன்னொரு முறை பார்க்க நேராமல் இருந்தால் அதுவே பெரிய புண்ணியம்.

முகாமுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். அந்த ஊரில் ஜூன் மாதத்தில் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் வெளிச்சம் இருக்கும். வேலை முடித்தவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் தோன்யா கூக்கா மாவுக் கையோடு எழுந்து ஓடிவந்தாள்.

"நர்ஸம்மா வந்தாச்சு! என்ன அனிசேத்தோ, ஆடி அசைஞ்சு வர்றீங்க? வண்டியத் தள்ளிக்கிட்டே வந்தீங்களா?"

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஒரு சாவியை எடுத்து நெரெய்தாவின் கையில் வைத்தாள். சாவியில் தொங்கிய தகட்டில் நாலு என்று இருந்தது.

இந்த வருஷம் முதலில் வந்து இறங்கியவள் தோன்யா கூக்காதான். பேரக் குழந்தைகளோடு ஆறு பேர். நியாயப்படி நாலாம் நம்பர் அவளுடையது. அதை யாரும் தொடக்கூடாது, ஆகஸ்டில் காலேஜுக்குப் போகிற பெண் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். பின்னால் வந்த ஒவ்வொரு குடும்பமும் சரியென்றதாம். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லையாம். எட்டாம் நம்பரில் இப்போது இருப்பது தோன்யா கூக்காதான்.

கதவைத் திறந்து காட்டினாள். தரையைக் கழுவியிருந்தார்கள். மேசைமேல் பூப்போட்ட புது பிளாஸ்டிக் விரிப்பு. பழைய மங்கல் பல்பைக் கழற்றிவிட்டுப் பளிச்சென்று ஒன்று மாட்டியிருந்தார்கள். யாரோ ஒரு தகரக் குவளையில் பென்சில்கள்கூடச் சீவி வைத்திருந்தார்கள்.

ஒராலியா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோன்யா கூக்காவுக்கு அது ஆனந்தக் கண்ணீராகப் பட்டிருக்க வேண்டும், முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஆகஸ்ட்லதானே காலேஜ் திறக்குது?" என்று கேட்டாள்.

நெரெய்தா அப்பாவைப் பார்த்தாள். அவர் வாசலில் இரண்டு கையிலும் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார். இத்தனை மாதத்தில் அவர் இங்கே ஒருவருக்கும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பொய் பேசுகிற மனிதரும் இல்லை. கூலிக்காரர்களிடம் எடையைக் குறைத்துச் சொன்ன கங்காணியோடு ஒருமுறை கைகலப்புக்கே போனவர்.

"ஆமா, ஆகஸ்ட்" என்றார் அனிசேத்தோ.

நெரெய்தாவும் தலையாட்டினாள். கேபினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் அப்பா இந்த முகாமின் நடுவில் நின்று விரல்களை மடக்கி இன்னொரு முறை அந்தப் பத்து நாளை எண்ண வேண்டிவரும். அதற்கு இந்தப் பொய் தேவலாம் என்று தோன்றியது.

மறுநாள் விடியற்காலையிலேயே வயலுக்குப் போனார்கள். தண்டுகள் பாதி முற்றி, வரப்போரமாகத் தழை கட்டத் தொடங்கியிருந்தன. தாழ்ந்த வண்டியில் உட்கார்ந்து குனிந்து குனிந்து ஒடித்ததில், மதியத்துக்குள் நெரெய்தாவின் இடுப்பு கழன்றுபோயிற்று. எந்தத் தசை வலிக்கிறது என்று அவளுக்குப் பெயரோடு தெரிந்தது. தெரிந்து என்ன?

சாயங்காலம் குளித்துவிட்டுக் கட்டிலில் சாயப்போனவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எட்டாம் நம்பர் வாசலில் தோன்யா கூக்கா தெரிந்தாள். உள்ளே இடமில்லாமல் பேரக் குழந்தைகளுக்கு வெளியிலேயே சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நடுநடுவே நாலாம் நம்பர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

நெரெய்தா எழுந்தாள். பையிலிருந்து சமோரா சாரின் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து உட்கார்ந்தாள். அம்மா தோர்த்தியா மாவை அந்த மேசைக்குக் கொண்டுவரவில்லை. கட்டில் ஓரத்தில் ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு அதன்மேலேயே தேய்த்தாள். அப்பா பல்பைப் போட்டுவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

வெளியே குழந்தைகள் பந்தை உதைத்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். தோன்யா கூக்கா அவர்களை அதட்டுவது கேட்டது.

"டேய், அந்தாண்ட போய் விளையாடுங்கடா. அக்கா படிக்கிறாங்க இல்ல?"

சத்தம் அடங்கிவிட்டது. முகாமே அவளுக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டது. நெரெய்தாவுக்கு எழுத்து ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்தால் ஜன்னலுக்கு வெளியே தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் பொறுத்து, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காகப் பக்கத்தைத் திருப்பினாள்.